பெட்டிக்குள் போன மேகங்கள்

சுபாஷ்ரீயிடம் முந்நூற்று நாற்பது மேகங்கள் இருந்தன.

வானத்தில் இல்லை. அவள் வீட்டில், அம்மாவின் பழைய கம்ப்யூட்டருக்குள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளும் ரேவதியும் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் உத்திரமேரூர் ஏரி முழுக்கத் தெரியும். வைரமேகத் தடாகம் என்று அந்த ஏரிக்கு ஒரு பழைய பெயர் உண்டு. ஏரிக்கே மேகத்தின் பெயர் இருக்கும் ஊரில், மேகத்தைச் சேர்த்துவைக்க ஒருவராவது வேண்டாமா? சுபா பத்து நிமிடம் வீடியோ எடுப்பாள். ரேவதி பெயர் வைப்பாள்.

"இது இட்லிக் குண்டான்."

"அப்போ அது?"

"எருமைக் கன்னு. பாரு, வாலு கூட கீது. பின்னாடி வர்றது உங்க கலை மாமா. தொப்பையைப் பாரேன்!"

எல்லாவற்றையும் சேர்த்து வேகமாக ஓட்டினால் ஒரு வருடத்து வானம் அரை மணி நேரத்தில் கடந்து போகும். அதை ரேவதிக்குக் காட்டுவதாகச் சுபா வாக்குக் கொடுத்திருந்தாள். ரேவதி ஓட்டப் பந்தயத்தில் கெட்டிக்காரி. அவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறாள். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் படம் போட்டே ஆகவேண்டும்.

சுபாவின் அம்மா வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் செய்பவர். ஸ்டூடியோக்காரர்கள் அனுப்பும் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் போய்ச் சேரும். வீட்டில் எந்த போனிலிருந்தும் அதற்குள் படம் போடலாம், எடுக்கலாம். அம்மா அதற்குக் 'குடோன்' என்று பெயர் வைத்திருந்தார். ஆவணி முகூர்த்தங்களிலேயே குடோன் கழுத்து வரை நிரம்பிவிட்டது.

"உன் மேகத்தைக் கொஞ்சம் அழிச்சா இன்னா?" என்றார் அம்மா.

"நீ ஒரு கல்யாணத்தை அழியேன்!" என்றாள் சுபா.

இரண்டும் நடக்காது என்று தெரிந்த பிறகுதான் அம்மா தன் தம்பி கலைச்செல்வனுக்கு போன் செய்தார். விஜயதசமி அன்று, நல்ல நாள் பார்த்து, மாமா ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். செருப்பு டப்பா அளவுதான் இருந்தது. நாலு ஹார்ட் டிஸ்க் வைக்கும் இடம், முன்னால் நீல விளக்குகள்.

"குடோனைக் கழட்டவே வேணாம்க்கா. ஒரு ஒயரை மாட்டினா போதும். வூட்டுக்குப் பக்கத்துல இன்னொரு ரூம் கட்டின மாதிரி!"

"பொட்டு வெச்ச பிளக்குல மாட்டுடா!" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"மாட்டிக்கினுதான்க்கா கீறேன்!"

முந்தின நாள்தான் ஆயுத பூஜை. அன்றைக்கு சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் சுபா கையில் இருந்தன. கம்ப்யூட்டர், ஸ்கூட்டர், கிரைண்டர், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். பூனைக்கும் வைக்கப் போனாள். அது தப்பித்து ஓடிவிட்டது.

மாமா பெட்டியை மாட்டி முடித்தார். "மொதல்ல கல்யாணத்தை ஏத்தாதே. ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? சுபா மேகத்தை ஏத்திப் பாரு" என்றார் அம்மா.

மேகங்கள் புது அறைக்குக் குடிபோயின. அவை காலி செய்த இடத்தில் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும், தாம்பூலப் பையோடு அவர்களுடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

புதன்கிழமை சுபா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தாள். மேகங்களைக் காணோம். மாமா வந்து எல்லாவற்றையும் அணைத்து, மறுபடி போட்டார். திரும்ப வந்தன. வியாழக்கிழமை மறுபடியும் காணோம்.

"இது பேஜார் புடிச்ச பொட்டிக்கா" என்று மாமா தொப்பையைத் தடவினார். "மொத்தமாத் தொடச்சிட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சாத்தான் சரிப்படும். சனிக்கிழமை மத்தியானம் வரேன்."

"தொடச்சா என் மேகம்?" என்றாள் சுபா.

"போவும். திருப்பி வைக்கக் குடோன்லயும் இடமில்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டு கல்யாணம் வருதாம், இடம் வேணுமே. வானம் எங்க ஓடிடப் போவுது? மறுபடி எடுத்துக்கலாம்."

வானம் ஓடாது. ஆனால் பெயர் வைக்க ரேவதி இருக்க மாட்டாள். அன்றைக்கு அவள் ரேவதியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். எதையும் தொடவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நீல விளக்குகள் மினுக் மினுக்கென்றன. உள்ளே மேகங்கள் மெல்ல மூச்சுவிடுவது போல இருந்தது. மாசி மாதத்துப் பஞ்சு மேகம், சித்திரையில் பெய்யாமல் ஏமாற்றிய மேகம், ஆடியில் ஓட்டமாய் ஓடிய மேகம் எல்லாம் இந்தச் சின்னப் பெட்டிக்குள் நெருக்கியடித்துப் படுத்திருக்குமோ? ஜன்னலுக்கு வெளியே நிஜ மேகம் ஒன்று ஏரிமேல் கறுத்துக்கொண்டு வந்தது. அவளுக்குக் கண் சொக்கியது.

சடசடவென்று மழை. கரண்டு போயிற்று.

இன்வெர்ட்டர் இருப்பதால் மின்விசிறி சுற்றியது. குடோனும் 'ம்ம்ம்' என்று ஓடியது. ஆனால் நீல விளக்குகள் அணைந்துபோயிருந்தன!

சுபாவின் தூக்கம் பறந்தது. கால்மணி நேரத்தில் கரண்டு வந்தது. பெட்டி விழித்துக்கொண்டது. ஆனால் திரையில் மேகங்கள் இல்லை. பெட்டி திரும்பி வந்தது குடோனுக்குத் தெரியவே இல்லை.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. கரண்டு போனா நீ தூங்கிடறே. அவ்ளோதானே?" என்று பெட்டியைக் கேட்டாள்.

பெட்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள். ஒயர் சுவரில் ஒரு பிளக்கில் போய் முடிந்தது. பிளக்கின் மேல் பொட்டும் இருந்தது. இன்வெர்ட்டர் கரண்டு வரும் பிளக் எது என்று மறக்காமலிருக்க, அதன் மேல் அம்மா ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பார். அப்படியென்றால் இது சரியான பிளக்தானே?

விரலால் தொட்டுப் பார்த்தாள். பொட்டு விரலில் ஒட்டிக்கொண்டது. குங்குமம்!

ஆயுத பூஜைக்கு யார் வீடு முழுக்கப் பொட்டு வைத்தது? சுவிட்ச் போர்டு ஒன்றைக்கூட விடாமல் வைத்தது யார்?

சுபாவுக்குத் திக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் மறுபடியும் திக்கென்றது.

சனிக்கிழமை மத்தியானம் மாமா வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

"மாமா, தொடைக்காதீங்க. பெட்டி மேல தப்பில்ல. உங்க மேலயும் இல்ல. பொட்டு வெச்சவ நான்தான்."

அவள் சொல்லி முடித்ததும் மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தார். "இன்னாடா, கம்ப்யூட்டர் புலி? ஸ்டிக்கருக்கும் குங்குமத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று அம்மா சிரித்தார்.

"பொட்டு வெச்ச பிளக்குன்னு நீதானேக்கா சொன்னே! இந்த வூட்டுல எல்லாமே பொட்டு வெச்சிக்கினு நிக்குது!"

மாமா பெட்டியை நிஜமான ஸ்டிக்கர் பொட்டு பிளக்குக்கு மாற்றினார். குடோனை அணைத்து, மறுபடி போட்டார். முந்நூற்று நாற்பது மேகங்களும் வரிசையாக வந்து நின்றன. சுபா ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு முறையும் எண்ணினாள்.

சாயங்காலம் ரேவதி வந்தாள். இருவரும் ஒரே நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வானம் ஓடத் தொடங்கியது. இட்லிக் குண்டான் மிதந்து வந்தது. ஏரி நிரம்பியது, வற்றியது. மேகங்கள் சிவந்தன, வெளுத்தன, ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன.

"அது யாரு, ரேவதி?" என்று பின்னாலிருந்து மாமா ஒரு குண்டு மேகத்தைக் காட்டினார்.

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

அப்போது வெளியே இடி இடித்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி பாதியில் நின்றது. தெருவிளக்குகள் அணைந்தன. ரேவதி "ஐயோ!" என்று சுபாவின் கையைப் பிடித்தாள்.

சுபா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். நீல விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திரையில் எருமைக் கன்று வாலை ஆட்டியபடி ஏரியைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.