ஆறப்போடும் இடம்

பொழுது புலர்ந்திருந்தது; ஆயினும் வெளிச்சம் எத்திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல இயலாதவாறு பனி எங்கும் மூடியிருந்தது. சுங்கச்சாலையின் கடைசிச் சாவடிக்குச் சற்று முன்னர், ஓரமாக ஒதுங்கிச் செல்லும் சிறு வழியில் வாடகைக் கார் ஒன்று மெல்லத் திரும்பி, ஏற்கெனவே அங்கு நின்றிருந்த வண்டிகளுக்குப் பின்னால் போய் நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். இரவு முழுவதும் பயணிகளை ஏற்றி இறக்கிய களைப்பு, அவ்வோசை நின்றதும், யாரோ இரு கைகளாலும் தோளைப் பற்றி அழுத்துவதுபோல் அவர்மேல் வந்து இறங்கியது.

"என்னடா, நின்னுட்டே?" என்றார் தம்பி வீட்டில் தங்கிவிட்டு, ஊர் திரும்பப் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அக்கா.

"ஆறப்போடணும்க்கா."

"எதை?"

"வந்த வேகத்தை."

அச்சாலையின் ஏற்பாடு அத்தகையது. நுழையும் சாவடியில் வண்டியின் நேரம் பதிவாகும். வெளியேறும் சாவடியில் மீண்டும் பதிவாகும். கடந்த தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து, வண்டியின் சராசரி வேகத்தை இயந்திரம் சொல்லிவிடும். அது மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் அபராதம். அபராதங்கள் சேர்ந்தால் உரிமம் போய்விடும். ஆதலால் விரைந்து வந்தவர்கள் எல்லோரும் கடைசிச் சாவடிக்கு முன்னால் ஒதுங்கி நின்று, கடிகாரம் தங்களை எட்டிப் பிடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் புறப்படுவது அச்சாலையின் வழக்கமாகிவிட்டது. பலகையில் அவ்விடத்தின் பெயர் 'அவசர நிறுத்தம்' என்றிருந்தது. ஓட்டுநர்களின் பேச்சிலோ அது 'ஆறப்போடும் இடம்'.

"அப்படி விழுந்தடிச்சு ஓடி வந்துட்டு இங்க வந்து சும்மா நிக்கிறதுக்கு, மெதுவாவே வந்திருக்கலாமேடா?"

"மெதுவாப் போனா தூக்கம் வந்துடுதுக்கா."

"நல்ல நியாயம்! வீட்டுக்கு வீடு ஒரு அறிவாளி வேணும்ல. என் கடை வாசல்ல இந்நேரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட அம்மாங்க வரிசையில நிப்பாங்க. யூனிஃபார்ம் எங்கே, எங்கேன்னு."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. இன்னொரு தடவை மாட்டினா ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது. அப்புறம் உன் தையல் கடையில பட்டன் தைக்கத்தான் நான் வரணும்."

"உன்னையா? உன் சட்டைப் பட்டனையே உன் பொண்டாட்டிதான் போட்டுவிடுறா!"

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. நெஞ்சுக்குழியைத் தடவிக்கொண்டு, "எரியுதுடா. ராத்திரி உங்க வீட்டுல அளவுக்கு மீறிச் சாப்பிட்டுட்டேன். கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்" என்று இருக்கையில் சாய்ந்தார்.

ஓட்டுநர் முகப்பிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னி மின்னி அணைந்தன. இன்னும் கால் மணி நேரம் நின்றால் போதும் என்று அவர் கணக்கிட்டார். முன்னால் நின்ற லாரி புறப்பட்டது. அதன் பின்விளக்குகள் பனிக்குள் இரு செம்புள்ளிகளாகச் சுருங்கி மறைந்தன. அடுத்து ஒரு சரக்கு வேன் போயிற்று. எஞ்சியது பழைய கார் ஒன்று மட்டுமே.

கண்ணாடியை இறக்கினார். ஈரத் தாரின் வாசனை வந்தது. சூடேறிய பிரேக்கின் கருகல் வந்தது. அவற்றுக்கும் அடியில், நனைந்த துணியை நெடுநாள் பூட்டிவைத்த அறையின் நெடி ஒன்றும் மெல்ல வந்து சேர்ந்தது.

பிறகு ஓர் ஓசை கேட்டது. மழையில்லாத கண்ணாடியில் துடைப்பான் தேயும் ஓசை.

கிரீச்.

சற்று இடைவெளி.

கிரீச்.

அந்தப் பழைய காரின் துடைப்பான்தான் அசைந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் உற்று நோக்கினார். அதன் சக்கரங்களில் காற்று இல்லை. வண்டி மண்ணுக்குள் அமிழ்ந்து, கதவின் கைப்பிடிவரை புல் வளர்ந்து நின்றது.

ஆயினும் அதன் கதவு திறந்தது.

சட்டையின் கைகளை மடித்துவிட்ட, நடுத்தர வயதுள்ள மனிதர் ஒருவர் இறங்கினார். கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டவாறே நடந்து வந்து, ஓட்டுநரின் ஜன்னலருகே குனிந்தார்.

"தம்பி, நேரம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"எனக்கும் ஆகல." அவருடைய குரல், தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவரின் குரலைப்போல் தளர்ந்திருந்தது. "கன்னாபின்னான்னு ஓட்டிட்டு வந்துட்டேன். இப்படியே போனா எழுதிடுவாங்க. லைசென்ஸ் போயிடும். பின்னால என் சம்சாரம் படுத்திருக்கா. கொஞ்சம் ஆறப்போட்டுட்டுப் போயிடலாம்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்."

"உடம்பு சரியில்லையா அவங்களுக்கு?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் போயிட்டிருக்கோம்." அவர் மிக இயல்பாகச் சொன்னார். "டோல்கேட்டைத் தாண்டினா பக்கம்தானே. நேரம் ஆகட்டும்னுதான்."

ஓட்டுநரின் பார்வை தானாகவே கடிகாரத்தின்மேல் சென்றது.

அதே மணி. அதே நிமிடம்.

அவ்விரண்டு புள்ளிகளும் மின்னவில்லை, அசையாது எரிந்துகொண்டிருந்தன. லாரி சென்று எவ்வளவு நேரமிருக்கும்? வேன் சென்று எவ்வளவு? கழுத்து வலிக்கும் அளவுக்கு அங்கே உட்கார்ந்திருந்ததை அவருடைய உடம்பு அறிந்திருந்தது. கடிகாரம் மட்டும் அறியவில்லை.

அம்மனிதர் இப்போது பின் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார்.

"உங்க வீட்டம்மாவா?"

"அக்கா."

"வேர்க்குதே அவங்களுக்கு."

ஓட்டுநர் திரும்பினார்.

அக்காவின் நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. அந்தக் குளிரில், ஜன்னல் திறந்திருந்த அந்தக் காரில், கழுத்துவரை நனைந்திருந்தார். உதடுகளின் நிறம் மாறியிருந்தது. இடக்கை மடியிலிருந்து நழுவி, இருக்கையின் விளிம்பில் தொங்கியது.

"இவளும் இப்படித்தான்," என்றார் அம்மனிதர், ஊர்ச்செய்தி பேசுபவரைப்போல. "முதல்ல எரிச்சல்னா. அப்புறம் வேர்த்துச்சு. அப்புறம் அசதியா இருக்குன்னா. அதுக்கப்புறம் தொந்தரவே இல்ல. நல்லாத் தூங்குறா."

"அக்கா! அக்கா, இங்க பாரு!"

"எழுப்பாதீங்க தம்பி. தூங்கட்டும்."

அக்காவின் இமைகள் பிரிந்தன. "கை... கனமா இருக்குடா," என்றார். அது அவருடைய வாயிலிருந்து இதுவரை வந்திராத, கேலி சிறிதும் இல்லாத குரல்.

ஓட்டுநர் சாவியைத் திருகினார். எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மீண்டும் திருகினார். அம்மனிதர் வண்டியின் முன்னால் வந்து, இரு உள்ளங்கைகளையும் பானெட்டின்மேல் ஊன்றினார். கோபம் இல்லை அவர் முகத்தில். பிள்ளைக்குப் புத்தி சொல்லும் தகப்பனின் அக்கறை இருந்தது.

"எழுதிடுவாங்க தம்பி. ஒரு வருஷம் போயிடும். இன்னும் கொஞ்ச நேரம்தானே?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது நியாயமாகப் பட்டது. கொஞ்ச நேரம்தானே. களைத்த கால்கள் அதையே விரும்பின. கண்கள் அதையே விரும்பின. கண்ணை மூடித் திறந்தால் நேரம் ஆகிவிடும், வேகம் ஆறிவிடும், எவரும் எதையும் எழுத மாட்டார்கள். அவருடைய கை சாவியிலிருந்து தளர்ந்து இறங்கியது.

கிரீச்.

"எழுதட்டும்," என்றார் ஓட்டுநர். தம் குரலையே அவரால் அடையாளம் காண இயலவில்லை. "எழுதித் தொலையட்டும்!"

எஞ்சின் பற்றிக்கொண்டது. அவர் பின்னோக்கி எடுத்து வளைத்தபோது, பின் கதவு ஒரு முறை திறந்து மூடிய ஓசை கேட்டது. அக்காவின் கை பட்டிருக்கும் என்று எண்ணினார். திரும்பிப் பார்க்க அவகாசம் இல்லை. கண்ணாடியில் தெரிந்த அம்மனிதர் துரத்தி வரவில்லை. தம்முடைய காரின் பின்பக்கத்தை நோக்கிக் குனிந்து, உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

சாவடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கூண்டுக்குள் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அண்ணே, வேகம் கூடிடுச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்திருக்கக் கூடாதா? பதிவாயிடும்."

"நின்னேன்மா. ரொம்ப நேரம் நின்னேன். ஆகட்டும், நீ தடுப்பைத் தூக்கு. பின்னால உயிர் போயிட்டிருக்கு!"

அவள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஐயோ! ரெண்டு பேருக்குமா?"

தடுப்பு உயர்ந்தது. அக்கேள்வியின் பொருளை ஆராய்ந்துகொண்டிருக்க ஓட்டுநர் அங்கு நிற்கவில்லை.

மருத்துவர் அன்று மாலை வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தீங்கன்னா" என்று தொடங்கி, ஓட்டுநரின் முகத்தைக் கண்டதும் அவ்வாக்கியத்தை முடிக்காமலே சென்றுவிட்டார். அக்கா பிழைத்துக்கொண்டார். பேசும் அளவுக்குத் தேறியதும் அவர் கேட்ட முதற்கேள்வி, கடையைப் பற்றியது அன்று.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"எந்தப் பொண்ணுக்கா?"

"வழியில ஏத்தினியே. என் மடியில தலையை வச்சுப் படுத்திருந்தாளே. அம்மாடி, என்ன குளிர்ச்சி! ஆஸ்பத்திரி வந்துடுச்சா, வந்துடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. வாசல்ல நான் இறங்கும்போது எனக்கு முன்னாலேயே இறங்கிப் போயிட்டாடா. ஒரு வார்த்தைகூடச் சொல்லாம."

ஓட்டுநர் அவருடைய போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

உரிமம் ஓராண்டுக்குப் பறிக்கப்பட்டது. விளையாட்டாகச் சொன்னது பலித்தது: அவர் தம் அக்காவின் கடைக்கே வேலைக்குச் சென்றார். வாரந்தோறும் பேருந்தில் போய்ச் சில நாட்கள் தங்கி, பட்டன் தைத்து, வசவும் வாங்கிக்கொண்டு திரும்பினார். பேருந்துகள் நிதானமாகவே சென்றன. ஆறப்போடும் இடம் வரும்போது அவர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார்.

வெயில் தெளிவாக அடித்த ஒரு நண்பகலில், பேருந்து வழக்கத்துக்கு மாறாக விரைந்து சென்றது. ஓட்டுநர் இருக்கையில் புதியவர் ஒருவர் இருந்தார். பயணிகள் பாதிப்பேர் உறங்கிக்கொண்டிருந்தனர். ஜன்னலோரம் அமர்ந்திருந்த அக்காவின் தம்பியும் கண்ணயர்ந்திருந்தார். ஓரத்துக்கு ஒதுங்கும் விளக்கின் டிக் டிக் ஓசைதான் அவரை எழுப்பியது.

"ஒரு அஞ்சு நிமிஷம் ஆறப்போட்டுட்டுப் போயிடலாம்," என்றார் பேருந்தின் ஓட்டுநர், பின்னால் திரும்பிச் சிரித்தவாறே. "யாரும் கோவிச்சுக்காதீங்க."

"நிறுத்தாதீங்க!" என்று எழ முயன்றார் அவர். பேருந்து நின்றுவிட்டது. எஞ்சினும் அணைந்துவிட்டது.

வெயில் இருந்த இடத்தில் பனி இருந்தது.

கிரீச்.

புல்லுக்குள் அமிழ்ந்த அந்தக் காரின் பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே எவரும் இல்லை. சட்டையின் கைகளை மடித்துவிட்ட அம்மனிதர் பேருந்தின் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு ஜன்னலிலும் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். அடுத்த ஜன்னல். அதற்கடுத்த ஜன்னல்.

அவருடைய கையில் இப்போது கடிகாரம் இல்லை.

அக்காவின் தம்பி இருந்த ஜன்னலின் கண்ணாடியில் விரலால் இரு முறை தட்டினார்.

"தம்பி," என்றார் மெல்ல. "அவளை எங்க இறக்கிவிட்டீங்க?"

பேருந்தின் முகப்பில், மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே, இரண்டு புள்ளிகள் அசையாமல் எரிந்துகொண்டிருந்தன.