நீலம் வேண்டாம் என்றவன்

மழைக்கு ஒதுங்குகிறவன் டீக்கடையில் ஒதுங்கலாம், பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கலாம்... தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நேராகக் கம்ப்யூட்டர் பக்கத்திலா வந்து நிற்பான்?

"சிஸ்டம் மேல சொட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது? தள்ளி நில்லுங்க" என்றாள் எழில்மொழி, திரும்பிப் பார்க்காமலே.

தள்ளி நின்றான். பிறகுதான் பார்த்தாள். சிவப்பு யூனிஃபார்ம், தோளில் தங்கக் குஞ்சலம், நெஞ்சோடு அணைத்த டிரம்பெட். ஆள் முழுக்க நனைந்திருந்தான், டிரம்பெட்டுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை. இமை நுனியில் மழை... அந்தக் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தன.

கல்மண்டபத்து பிரவுசிங் சென்டரில் அவள் வெப் பேஜ் செய்கிறவள். 2001-ல் அப்படி ஒரு வேலை இருப்பதே அவள் அப்பாவுக்குப் புரியவில்லை. வீட்டின் முதல் பட்டதாரி, பெயின்டர் மாதிரி கலர் பார்க்கவா தினம் பஸ் ஏறுகிறாள் என்பார். திரையில் இருநூற்றுப் பதினாறு சின்னக் கட்டங்கள். எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் திறந்தாலும் மாறாமல் தெரிகிற கலர்கள் அவ்வளவுதான்.

"இத்தினி கலர்ல எத எடுக்கறதுன்னு உங்களுக்கு எப்டிங்க தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

பொய். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். சண்டை போடாத இரண்டைச் சேர்ப்பாள்.

அவன் பெயர் பாஸ்கல். ராயபுரத்தில் அவன் அம்மா சிலுவையம்மாள் நடத்தும் கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறான். துபாயிலும் கப்பலிலும் வேலை செய்கிறவர்கள் நெட்டில் பார்த்தே பேண்டு பேசிவிடுகிறார்களாம். எங்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்றான். மழை விட்டது... அவன் போகவில்லை.

அடுத்த ஒரு வாரம் தினமும் வந்தான். யூனிஃபார்ம் சிவப்புக்குப் பக்கத்தில் எது நிற்கும் என்று கட்டம் கட்டமாகத் தேடினார்கள். பேச்சுவாக்கில் தன் வீடு எம்.கே.பி. நகர் என்றும் சொல்லியிருந்தாள். மஞ்சள் வைத்தால் ஆடி மாசத் திருவிழா. கறுப்பு வைத்தால் கட்சிக்கொடி. அவன் சிரித்தான். அவளுக்குக் கட்டம் தவறியது. இது என்ன குழப்பம்? கோபமென்றால் அவளுக்கு அடையாளம் தெரியும். இது அது இல்லை...

கடைசியில் வெள்ளைப் பக்கம், மேலே அடர்ந்த நீலப் பட்டை, அமுக்கினால் அடுத்த பக்கம் திறக்கிற ஐந்து வரிகளும் நீலம். அவளுக்கு ரொம்பப் பிடித்த நீலம். அவன் மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாக அமுக்கினான். முகம் சுருங்கியது.

"நீலம் வேணாங்க."

"ஏன்?"

"வூட்ல ஒத்துக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். எந்த வீட்டில் எதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலேஜில் ஏரியா பெயரைக் கேட்டதும் நாற்காலியை நகர்த்திப் போட்டவர்களைப் பார்த்தவள்.

"நான் எம்.கே.பி. நகர்னு சொன்னேன்ல? எங்க வூட்டு செவுத்துல அம்பேத்கர் படம் கீது. கோட்டு இன்னா கலர்னு உங்களுக்குத் தெரியும். வேற ஆளப் பாத்துக்கங்க."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போய்விட்டான்.

கெட்டவன் என்று முடிவு செய்தாயிற்று. பிறகு ஏன் கதவு திறக்கும்போதெல்லாம் தலை நிமிர்கிறது? இரண்டு நாள் இப்படியே... தன்மேலேயே எரிச்சல்.

மூன்றாம் நாள், பக்கத்து சிஸ்டத்தில் டைப் அடிக்கும் ஜானட் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, கல்யாண பேண்டுக்குப் போயி தவக்காலத்து கலரப் போட்டுகிற?"

திரையில் அந்த ஐந்து வரிகளும் ஊதாவாகியிருந்தன. ஒருமுறை அமுக்கிய வரி ஊதாவாக மாறும். வேறு மாதிரி எழுதிவைக்காவிட்டால் எந்தப் பக்கமும் அப்படித்தான். எழில்மொழி அதை ஒரு கலராகவே எண்ணியதில்லை. ஜானட் சொன்னாள்: ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலம் நாற்பது நாளும் மாதா கோயிலில் ஊதாத் துணிதான். அந்த நாட்களில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. கல்யாணம் இல்லாவிட்டால் பேண்டுக்கு ஏது வேலை?

நீலத்தை வைத்தால் ஊதாவாகிவிடும் என்று நினைத்து, நீலமே வேண்டாம் என்றிருக்கிறான். ஏன் என்று கேட்டாளே தவிர, பதில் முழுதாக வர விட்டாளா?

அமுக்கிய பிறகும் நீலம் நீலமாகவே இருக்க, கோடிங்கில் ஒரே ஒரு வரி போதும். எழுதினாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத கால்கள் ராயபுரத்துக்கு நடந்தன. தூறல்...

பேண்டு ஷெட் வாசலில் தனியாக உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊதா வந்த கதையைச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றாள், தரையைப் பார்த்து. பரவாயில்லை என்றான். அதோடு திரும்பியிருக்கலாம்.

"வூட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னீங்களே... அது கலருக்கு மட்டுந்தானா?"

உடனே ஆமாம் என்றிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். அவன் யோசித்தான். நேராகப் பார்த்தான்.

"அன்னிக்கு கலருக்குத்தாங்க சொன்னேன். நேத்து அம்மாகிட்ட உங்களப் பத்தி சொன்னேன். எந்த ஏரியான்னு கேட்டாங்க. அதயும் சொன்னேன். அப்பலேர்ந்து எங்கூட பேசல... ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. அத மறைச்சி வச்சிகினு உங்க முன்னாடி நிக்க எனக்கு இஷ்டமில்ல."

கோபம் வந்தது. அந்த அம்மாவின் மேல் வந்தது, அந்தக் கேள்வியின் மேல் வந்தது. இவன் மேல் மட்டும், எவ்வளவு தேடியும்... வரவில்லை. ஈரக் கண்கள் அவள் பதிலுக்காகக் காத்திருந்தன.

"அவங்க பேசலன்னா நீங்க பேசுங்க. தெனமும் பேசுங்க" என்றாள். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. "எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு. இதச் சொல்றதுக்கு நான் யாராண்டயும் பர்மிஷன் கேக்கல."