இயல்பான நடுக்கம்

இன்ஜினைக் கண்காணித்து இயக்கும் பொறிமூளை அதை எட்டு நொடிக்கு மேல் ஓட விடவில்லை. ஆம்புலன்ஸ் நான்காவது முறையாக உலுக்கிக்கொண்டு நின்றது.

"சிலிண்டர் ஒன்று எரியவில்லை. பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டது," என்றது திரை.

"பொய். நாலும் சுத்தமா எரியுது," என்று மெக்கானிக் ஜெனிட்டா பல்லைக் கடித்தாள்.

வண்டிக்குள் மாரித்தாய் முனகினாள். பிரசவமாகி ஒரு மணி நேரமாகியும் ரத்தம் நிற்கவில்லை. எஸ்டேட் நர்ஸ் அவள் வயிற்றை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால்தான் பொள்ளாச்சி. இன்னொரு ஆம்புலன்ஸ் சோலையாறு போயிருந்தது. வால்பாறை முழுக்க மேகம் மூடியிருந்ததால் பறக்கும் ஊர்திகள் எழவில்லை.

"ஏனம்மணி, கெளம்புமா கெளம்பாதா? அந்தப் புள்ள வெளுத்துட்டே வருது," என்றார் டிரைவர் சென்னியப்பன்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தேய்ந்துபோயிருந்தது. மாற்றாகக் கிடைத்தது, இதே இன்ஜின் கொண்ட பந்தயக் காரில் கழற்றியது. அது வால்வுகளை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். ஓட்டத்தில் புலி, நின்ற இடத்தில் குளிர்காய்ச்சல்காரன். அந்த நடுக்கத்தைத்தான் பொறிமூளை நோய் என்றது. காலையிலிருந்து ஜெனிட்டா, வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஐடில் வேகத்தை ஏற்றினாள், தீப்பொறி நேரத்தை மாற்றினாள், எரிபொருளைக் கூட்டிக் குறைத்தாள். நடுக்கம் தணிந்தது, போகவில்லை.

பொறிமூளையை ஏமாற்ற முடியாது, அதற்குக் கற்பிக்கலாம். ஒரு பொறிமூளை கற்றதைப் பாடவலை வழியாக நாட்டின் எல்லா இன்ஜின்களும் கற்கும். பொறிமூளை வந்த பதினைந்து ஆண்டுகளில், இன்ஜினைக் காது கொடுத்துக் கேட்கும் வழக்கமே டிரைவர்களுக்கு விட்டுப்போயிருந்தது.

திரையில் இரண்டு வழிகள் இருந்தன. 'இந்த வண்டிக்கு மட்டும்' என்றால் தலைமையக அனுமதிக்கு மூன்று நாள். தனி விலக்கு வாங்கிப் பழுதை மறைத்து ஓட்டியவர்கள் ஏராளம் என்பதால் வந்த கெடுபிடி அது. 'பொதுப்பாடம்' என்றால் மெக்கானிக்கின் கைரேகை போதும். தவறான பாடத்தை வலையே எடைபோட்டுத் தள்ளிவிடும் என்பது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கை.

"அண்ணா, இதச் சொன்னா மத்த வண்டிகளும் நம்பும்."

"நம்பீட்டுப் போகுது. மொதல்ல இந்த உசுரப் பாருங்க."

'இந்த நடுக்கம் நோயா, இயல்பா?' என்று கேட்டது திரை.

ஜெனிட்டா 'இயல்பு' என்பதில் விரலை வைத்தாள்.

ஒன்பதாவது நொடி. பத்தாவது நொடி. இன்ஜின் நிற்கவில்லை. அவள் முன் சீட்டில் தாவி ஏறித் திரையை மடியில் வைத்துக்கொள்ள, சென்னியப்பன் வண்டியைக் கிளப்பினார். வளைவுக்கு வளைவு வேகம் தணியும்போதெல்லாம் இன்ஜின் திணறியது. அவள் எரிபொருளைத் துளித்துளியாகக் கூட்டி அதை உயிரோடு வைத்தாள். அட்டகட்டி தாண்டியதும் பின்னாலிருந்து முனகல் நின்றுபோனது. "நாடி இருக்கு, ஓட்டுங்க!" என்று கத்தினாள் நர்ஸ்.

மாரித்தாய் பிழைத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் மதியம் ஒரு பள்ளிப் பேருந்து நடுங்கியபடி ஷெட்டுக்குள் நுழைந்தது. "ஏதோ கருகுற வாசமுங்க. மூளை நல்லாருக்குன்னுதான் சொல்லுது," என்றார் அதன் டிரைவர். திரையில் பச்சை எழுத்தில் 'நலம்' என்றிருந்தது. ஜெனிட்டா கீழே குனிந்தாள். உள்ளே ஒரு சிலிண்டர் நிஜமாகவே செத்திருந்தது. எரியாத எரிபொருள் புகைக்குழாய்ப் பெட்டியில் போய் எரிந்து, பிள்ளைகளின் இருக்கைக்கு நேர் கீழே அந்தப் பெட்டி பழுக்கக் காய்ந்து சிவந்திருந்தது.

"எல்லாரையும் எறக்குங்க! ஓடுங்க!"

கடைசிப் பிள்ளை இறங்கியதும் ஜெனிட்டா பாடவலையைத் திறந்தாள். தான் கற்பித்ததை நீக்கச் சொன்னாள். பதில் உடனே வந்தது.

'இப்பாடம் ஓர் உயிரைக் காத்தது. இதனால் உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை. நீக்க இயலாது.'

மறுபடி அழுத்தினாள். அதே பதில்தான் வந்தது.

"என்னங்கம்மணி சொல்லுது?" என்றார் சத்தம் கேட்டு ஷெட்டுக்கு ஓடி வந்த சென்னியப்பன்.

"தராசுல எதிர்த்தட்டுல வைக்க ஒரு சாவு கேக்குதுண்ணா."