செவ்வாயன்று குழாய்க்குள்

அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நின்றபடியே துடித்தது.

கொர்க்கோய் தின்றுகொண்டிருந்த கென்கே சோள உருண்டையை இலையோடு கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். குழாயின் கசிவுச் சோதனை முடிந்து அழுத்தத்தை இறக்கியாயிற்று. சுத்திகரித்த கழிவுநீரை ஆழ்கடலில் கொண்டுபோய் விடப்போகும் அந்த இரண்டு கிலோமீட்டர் குழாய், இரு முனையும் மூடப்பட்டு, உப்புநீர் நிரம்பிச் சும்மா கிடக்க வேண்டும். நாளை திறந்துவிட்டால் கழிவு இனி கழிமுகத்தில் கலக்காது, அங்கே மறுபடி மீன்குஞ்சு பிழைக்கும் என்றார்கள்.

பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்றின் புழுதியில் மதிய வெயிலே மங்கலாக இருந்தது. குழாய்க்குள்ளிருந்து, வெகுதூரத்திலிருந்து, இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் வந்தது.

"ஒகாய், கடல்ல யாராச்சும் இருக்காங்களா?"

பம்ப் கொட்டகையிலிருந்து ஒகாய் சிரித்தான். "செவ்வாக்கெழமையிலயா அக்கா? கடல் ஓய்வெடுக்கிற அன்னைக்கு எவன் எறங்குவான்? மீனுக்கே இன்னைக்கு லீவு!"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாயன்றுதான் அவள் கணவன் அயிக்வே கடைசிக் குழாயைப் பொருத்த முங்கினான். காலையில் வாசலிலேயே தயங்கி நின்றான். "இன்னைக்கு ஒரு நாள் போனா வேலை முடிஞ்சுது. போயிட்டு வா" என்று அனுப்பியது அவள்தான். அவன் மேலே வரவில்லை; உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய எதுவும் இல்லாமல் சாவுத்துணி பெட்டியில் மடித்தபடியே இருக்கிறது. தான் சொன்ன அந்த வாக்கியத்தை அவளால் ஒருநாளும் விழுங்க முடிந்ததில்லை.

குழாயின் கரைமுனையில் மேல்நோக்கியிருந்த மூடியில் காதை வைத்தாள். துரு வாடை. பாசி வாடை. சத்தம் இப்போது கிட்டத்தில்.

ஸ்பேனரால் ஒருமுறை தட்டினாள். மேலே இருப்பவர்கள் முங்குகிறவனிடம் கேட்பது அது: நலமா?

நான்கு தட்டு வந்தது.

என்னைத் தூக்கு.

"அயிக்வே..." போல்ட்டுகளைக் கழற்றினாள். ஒன்று. இரண்டு.

"அக்கா, தொறக்காதீங்க!" ஒகாய் ஓடிவந்தான்.

மூடியைத் தள்ளினாள்.

கறுப்புத் தண்ணீர். அசைவில்லை. பிறகு விளிம்பில் நான்கு விரல்கள் பற்றின. அவற்றின் பக்கத்தில் இன்னொரு கை. இன்னொன்று. விளிம்பு முழுக்கக் கைகள், கடலிலிருந்து திரும்பாத எல்லோருடையதும் போல, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. எல்லாம் ஒரே மாதிரி ஊறி வெளுத்திருந்தன.

எது அவனுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முழந்தாளிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.