இரண்டு தட்டு

ஓட்டுநர் இருக்கை சூடாக இருந்தது.

லாரியில் ஏறி உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்த பெரியவர், அந்த வீட்டின் மூத்த மகன், உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். போன மழைக்காலத்துக்கு முன்பு அவர் கையால் பூட்டிய கொட்டகை. இன்று அவரேதான் திறந்தார். துருவேறிய பூட்டு எண்ணெய் விட்டும் மசியாமல், கடைசியில் சுத்தியலால் உடைக்க வேண்டியிருந்தது. மழை தகரக் கூரையைப் போட்டு அடித்ததில் பிற்பகலிலேயே உள்ளே இருட்டு கட்டியிருந்தது. பழைய டீசலும் எலிப்புழுக்கையும் நனைந்த சாக்குமாக வீசிய வாடைக்கு அடியில், அப்பா தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாடை வருவதும் போவதுமாக இருந்தது. அந்தக் குளிரில் இருக்கை மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

"நீ இதுல ஏறி உட்கார்ந்தியா?"

மெக்கானிக் பானெட்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "வந்ததுலேருந்து தலை எஞ்சினுக்குள்ள இருக்கு முதலாளி. உட்கார எனக்கு ஏது நேரம்?"

பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைக்கு எதைத் தொட்டாலும் கோபமாக வந்தது. தம்பி இந்த லாரியைப் பழைய இரும்புக்காரனுக்கு விற்றுவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இழுவை வண்டி வருமாம். அப்பா ஒற்றை ஆளாக ஓட்டிக் குடும்பத்தைத் தலைநிமிர வைத்த வண்டி. அதைச் செத்த மாட்டை இழுப்பதுபோல் இழுத்துப் போவார்களாம், தெரு நின்று வேடிக்கை பார்க்குமாம்.

"வித்துட்டே, சரி," என்று காலையில் தம்பியிடம் சொல்லியிருந்தார். "ஆனா அது தன் கால்ல நடந்துதான் இந்த வாசலைத் தாண்டும். நான் ஓட்டிட்டுப் போவேன்."

"ஓடினா ஓட்டுங்கண்ணே," என்றான் அவன், கண்ணாடியில் தலை வாரிக்கொண்டே.

ஓடினா. அந்த ஒற்றைச் சொல் நெஞ்சில் முள்ளாக நின்றது.

புது பேட்டரி போட்டாயிற்று. ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் சுற்றியது. தொட்டியில் கசடாகிக் கிடந்த டீசலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. இருமியது, அடங்கியது.

"லைன்ல காத்துப் பிடிச்சிருக்கு," என்றார் மெக்கானிக். "கையால பம்ப் அடிச்சுக் காத்தை வெளியேத்தறேன். முடிச்சதும் மட்கார்டுல ரெண்டு தட்டு தட்டுவேன். அதுவரைக்கும் சாவியைத் தொடாதீங்க. பின்னால அந்தத் தார்ப்பாய் வேற என்னத்துக்கு? தூக்கிக் கடாசட்டுமா?"

இருக்கைக்குப் பின்னால், அப்பா படுத்துறங்கும் பலகை. அதன்மேல் தார்ப்பாய் நீளவாக்கில் மேடாகக் கிடந்தது.

"அது அப்பாவோடது. கை வச்சே, கையை முறிச்சிடுவேன்."

"வைக்கலை சாமி."

இரண்டு தட்டு. அது அப்பாவின் பழக்கம். சாவியைத் திருப்புமுன் யாரானாலும் "எடுக்கலாமா அப்பா?" என்று கேட்க வேண்டும், அவர் எங்கே நின்றாலும் வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம்தான் எடுக்கலாம். பெரியவர் பொறுப்புக்கு வந்ததும் அந்த வழக்கத்தை நிறுத்தினார். தாடி நரைத்தவன் சின்னப்பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டு நிற்பதா? அதற்காகத்தான் கடைசி நாளன்று தெருவில் வைத்து அப்பா அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். அன்று மாலை பெரியவர் கொட்டகைக் கதவை அடித்துச் சாத்திச் சங்கிலி போட்டார். மறுநாள் காலையிலிருந்து அப்பாவைக் காணவில்லை.

வெளியே சொல்லவில்லை. போலீசுக்கும் போகவில்லை. பெற்றவரைத் துரத்திவிட்டார்கள் என்று ஊர் பேசுவதைவிடச் சாவது மேல். வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவுக்காரர் வீடுகளில் மெதுவாக விசாரித்துத் திரிந்தார்கள். யாராவது கேட்டால், "அக்கா வீட்டுல இருக்கார்." தெருவைப் பொறுத்தவரை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

டக். டக்.

பெரியவர் சாவியைத் திருப்பினார்.

"ஐயோ!" மெக்கானிக் துள்ளிப் பின்னால் விழுந்தார். "விசிறிக்குள்ள கை இருக்கு! என்னத்துக்குத் திருப்புறீங்க?"

"நீதானே தட்டினே!"

"ரெண்டு கையும் உள்ள இருக்கறப்ப எதால தட்டுறது, மூக்காலயா?"

"வேலை தெரியாதவனுக்கு வாய் மட்டும் நீளம்!" பெரியவர் கத்தினார். கத்திய பிறகுதான் உறைத்தது. சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பலகையிலிருந்து.

எலி, என்று சொல்லிக்கொண்டார். கொட்டகையைப் பூட்டிய அந்த வெயில் காலத்தில் இந்தப் பக்கம் செத்த எலி நாற்றம் தாங்க முடியாமல், தம்பி கதவிடுக்கு வழியாகப் பாட்டில் பாட்டிலாக ஃபினாயில் ஊற்றினான்.

கண்ணாடியில் பார்த்தார். தார்ப்பாய் மேடாகத்தான் கிடந்தது.

காற்றை வெளியேற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றினார், விரலை விட்டார், எதையோ பிடித்து இழுத்தார். நீளமாக, அழுக்காக, வந்துகொண்டே இருந்தது.

"இதைப் பாருங்க. துண்டு. யாரோ வேணும்னே திணிச்சிருக்கான். மூச்சு விடவே வழியில்லாம எப்படி ஓடும்?"

பெரியவர் இறங்கி வந்து வாங்கினார். அப்பாவின் துண்டு. ஓரத்தில் அம்மா தைத்த ஒட்டு. யார்மேலாவது கோபம் வந்தால் அப்பா செய்கிற வேலை இது. தன்னைக் கேட்காமல் வண்டியை எவனும் எடுக்கக் கூடாது என்று துண்டைக் குழாயில் திணித்துவிட்டு, பலகையில் ஏறிப் படுத்துக்கொள்வார்.

கடைசி நாள் மதியம் வண்டியை உள்ளே கொண்டுவந்து விட்டது பெரியவர்தான். அப்போது ஓடியது.

சங்கிலி போட்டது மாலையில்.

நடுவில்தான் துண்டு.

உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கோபம். அன்றிரவு மனைவி எழுப்பினாள்: "கொட்டகையில என்னமோ தட்டுதுங்க. ரெண்டு ரெண்டா." தகரம், தூங்கு, என்றார். விடிந்ததும் அப்பாவைத் தேடி ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள்.

துண்டு கையில் கனத்தது. முதலில் வந்தது அழுகை இல்லை. கோபம். சொல்லிவிட்டு ஏறியிருக்கக் கூடாதா கிழவர்? வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கக் கூடாதா? சாகிற நேரத்திலும் தட்டத்தான் தட்டுவாரா?

வாசலில் ஹாரன் அலறியது. இழுவை வண்டி. தம்பி குடை பிடித்து நின்றான். எதிர்வீட்டுக் கூரைக்கடியில் தெருவே ஒதுங்கி நின்றது.

"முதலாளி, முகமெல்லாம் வெளுத்திருக்கு. அந்தத் தார்ப்பாயை..."

"பானெட்டை மூடு."

"இல்லீங்க, ஒரு தடவை..."

"மூடுடா!"

தார்ப்பாயைத் தூக்கினால் எல்லாரும் பார்ப்பார்கள். அக்கா வீட்டில் இருக்கிறவரைப் பார்ப்பார்கள். வேண்டாம். முதலில் வண்டி வெளியே போகட்டும். தன் காலில். யாருமில்லாத சாலைக்கு. பிறகு.

ஏறினார். இருக்கை இன்னும் சூடு. சாவியைத் திருப்பினார். சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடியும். பிடிக்கவில்லை. இழுவைக்காரன் கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு வந்தான். யாரோ சிரித்தார்கள்.

உதடு அசைந்தது.

"எடுக்கலாமா அப்பா?"

மழை. மழை மட்டும்.

டக். டக்.

எஞ்சின் தொட்டதும் பிடித்தது. கொட்டகை அதிர்ந்தது. புகைக்குள் மெக்கானிக் கதவுகளைத் தள்ளித் திறந்தார். பெரியவர் கண்ணாடியைப் பார்த்தார்.

பலகைமேல் தார்ப்பாய் தட்டையாகக் கிடந்தது.

திரும்பவில்லை. முதுகு வளையவில்லை. தெரு பார்க்கிறது. கியரில் கை வைத்தார். லாரி நகர்ந்தது. வாசல் தாண்டியது. எல்லாரும் வழிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பார்த்தார்கள்.

தம்பியின் குடை சேற்றில் விழுந்தது. ஓசையில்லாமல் அவன் வாய் அசைந்தது. அப்பா.

எண்ணெய் வாடை. மிக அருகில்.

கியரைப் பிடித்திருந்த பெரியவரின் கைமேல், காய்ந்து சுருங்கிய, நகம் நீண்ட இன்னொரு கை மெல்ல வந்து படிந்தது. வண்டி பழகிய நாட்களில் அழுத்தியதுபோலவே அழுத்தி, அடுத்த கியருக்குத் தள்ளியது.