இரண்டு பக்கமும் பூ

"நீங்க இவன் முன்னாடியே சொல்லணும். அப்புறம் இவன் என் வாசல் மிதிக்கக் கூடாது," என்று சொல்லி, வந்தவள் மேஜைமேல் ஒரு பழைய காசை வைத்தாள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை முடித்து நேரே வந்திருந்தாள். சேலைத் தலைப்பில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. பக்கத்து நாற்காலியின் நுனியில் அவள் தம்பி உட்கார்ந்திருந்தார். லேத் பட்டறைக்காரர்.

பழங்காசுகளை ஆராய்ந்து சொல்லும் அந்த வீட்டுக்காரியை எல்லோரும் லென்ஸ் என்றே அழைத்தார்கள். அவள் காசைத் திருப்பினாள். பூ. மறுபடி திருப்பினாள். அதுவும் பூ.

"அம்மா படுக்கையில விழுந்தப்ப, யார் வெளியூர் வேலைக்குப் போறது, யார் கூட இருக்கறதுன்னு அப்பா காசு சுண்டினாரு. நான் தலை கேட்டேன். பூ விழுந்துது. இவன் போனான். நான் அம்மாவைப் பார்த்தேன், அப்புறம் அப்பாவையும். அவர் போனதும் அவரோட பெட்டியில இது இருந்துது. இவன்தான் காசை மாத்தி ஏமாத்தினான்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"நான் பண்ணலக்கா."

"அப்பவே லேத் பழகினவன் நீதானே?"

லென்ஸின் கணவர் உற்சாகமாக எட்டிப் பார்த்தார். "கேஸ் முடிஞ்சுது! லேத்தும் இருக்கு, ஆளும் இருக்கு."

"நீங்க முதல்ல வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."

காசை மேஜையில் போட்டாள். "ஒரே காசுன்னா கணீர்னு கேக்கும். இதுக்குத் தொண்டை கட்டியிருக்கு." கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். விளிம்பை ஒட்டி உட்புறமாக மயிரிழை போல ஒரு வளையம். "ரெண்டு காசு. ஒன்னைக் குடைஞ்சு கிண்ணமாக்கி, இன்னொன்னைத் தேய்ச்சு உள்ளே உட்கார வெச்சிருக்காங்க."

ஊசியால் நெம்பினாள். மூடி போல ஒரு பக்கம் கழன்று வந்தது. உள்ளே பார்த்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. தட்டாமல் யாருடைய அறைக் கதவையோ திறந்துவிட்டாற்போல அவளுக்குக் கூசியது.

"தம்பி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்களேன்."

"வேணாம். அவன் கேக்கட்டும்," என்றாள் அக்கா.

"லேத்துல கடைஞ்சா உள்ளே வட்டம் வட்டமா கோடு ஓடும்," லென்ஸ் மெல்லச் சொன்னாள். "இதைப் பல்லைக் குடையற மாதிரியான சின்ன சுழல் ஊசியால கொத்திக் கொத்திக் குடைஞ்சிருக்கு. லேத்காரர் செஞ்சா அளவு பிசகாது, அழுத்தினாலே கவ்விக்கும். இதுல இடைவெளி இருக்கு. அதை அடைச்சிருக்கறது இது." ஊசி முனையில் ரோஜா நிறத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. "பொய்ப்பல்லுக்கு ஈறு செய்யற பொருள். விளிம்புல வெட்டின இடம் இன்னும் பளபளன்னு இருக்கு. பழைய வெட்டுன்னா கறுத்திருக்கும். உங்க அப்பா சுண்டினது இந்தக் காசை இல்லம்மா."

கணவர் மெல்ல இரண்டடி பின்வாங்கினார்.

அக்கா மடியிலிருந்த தன் விரல்களைத் தலைப்புக்குள் மறைத்தாள். பிறகு, அதனால் பயனில்லை என்று தெரிந்தவள்போல வெளியே எடுத்தாள்.

"நீ பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும்டா," என்றாள் தம்பியைப் பார்க்காமல். "ஒரு காசு தானா புரண்டு விழுந்துது, என் வாழ்க்கை அப்படிப் போச்சுன்னா, நான் யாரைத் திட்டறது?"

தம்பியின் கழுத்து சிவந்தது. "அன்னிக்குப் பூ விழுந்ததும் நான் உன் முகத்தைப் பார்க்கலக்கா. சந்தோஷம் தாங்கல. ஓடிப்போய்ப் பையில துணியை அடுக்கினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா, போடான்னுதான் சொல்லியிருப்பேன்."

அக்கா போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

"சித்தப்பா, நான்தான். தம்பியைப் பத்தி உங்ககிட்ட ஒன்னு சொன்னேனே..."

தம்பி போனுக்காகக் கை நீட்டினார். அவள் தலையை அசைத்து மறுத்தாள். எல்லோருக்கும் முதுகு காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, மீதியையும் அவளே சொன்னாள்.