இழுவைப் பாதை

கேத்தானின் சைக்கிள் டயர்த் தடம் போகப் போக ஆழமாகிக்கொண்டே இருந்தது.

பின்னால் மிதித்து வந்த சொலேன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரம் முழுக்கப் பெய்த நவம்பர் மழையில் கால்வாய்க் கரை ஊறிப்போய்க் கிடந்தது. அழுகிய பாப்லார் இலைகள் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் சப்பென்று மண்ணில் அறைந்தன. ஆனால் அதே மண்ணில் அவளுடைய டயர் நகக்கண் அளவுக்குத்தான் பதிந்தது. அவனுடையதோ ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. கேத்தான் ஒல்லியான ஆள். முதுகில் ஒரு தண்ணீர்ப் பையும் மழைக்கோட்டும் தவிர அவனிடம் வேறு சுமை கிடையாது.

அவன் அவளை விட்டுவிட்டு முன்னால் போனதற்கு அவள்தான் காரணம். மதியம் மலைச் சரிவில், பீச் மரத்தடியில் ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள்.

"ஜனவரியில லியோனுக்குக் குடிபோறேன். தனியா."

அவன் கத்தியை ரொட்டியில் துடைத்தான். "எப்ப முடிவு பண்ணின?"

"கோடையிலயே."

"அப்ப இத்தனை நாளா எங்கூட சைக்கிள் மிதிச்சது சும்மா உடம்பு இளைக்கத்தான்." சிரித்தான். மிச்ச சீஸைத் தாளில் மடித்து அவள் பக்கம் தள்ளினான். "சரி. நீ மெதுவா வா."

அவ்வளவுதான். காரை மலை முகட்டின் மறுபக்கம் நிறுத்தியிருந்தார்கள். சாமான்களை எடுத்து வைத்துவிட்டு அவளும் கிளம்பியபோது, காட்டுப் பாதையை மறித்துக்கொண்டு ஆரஞ்சு மேல்சட்டை போட்ட வேட்டைக்காரர்கள் நின்றார்கள்.

"மேல வேட்டை நடக்குது. திரும்பும்மா," என்றார் அவர்களில் பெரிய மீசைக்காரர். துப்பாக்கி அவர் முழங்கையில் மடிந்து தொங்கியது.

"என் வீட்டுக்காரர் இப்பதான் இந்தப் பக்கமா வந்தாரு."

"அவரையும் கீழதான் அனுப்பினோம்."

"எங்க கார் அந்தப் பக்கம் நிக்குது."

"நிக்கட்டும். அது ஒண்ணும் அழாது." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "நீங்க பாட்டுக்குப் பளபளன்னு உடுத்திக்கிட்டு வந்து எங்க பன்னிய எல்லாம் கலைச்சு விடுறது. கால்வாய் ஓரமா போ. அது உங்க மாதிரி ஆளுக்குன்னே போட்ட பாதை."

ஒரு நாய் அவள் காலை முகர்ந்தது. முகர்ந்ததும் வாலை ஒடுக்கிக்கொண்டு எசமானின் கால்களுக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது.

இப்போது அவள் கால்வாய் ஓரமாக வந்துகொண்டிருந்தாள். குளிர்காலப் பழுதுபார்ப்புக்காகத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டிருந்தார்கள். வெறும் சேற்றுப் பள்ளம் கரைக்குக் கரை வாய் பிளந்து கிடந்தது. வாய் திறந்து செத்த சிப்பிகள், ஒரு கவிழ்ந்த தள்ளுவண்டி, பல வருஷத்து அழுகலின் இனித்த நாற்றம். ஆற்றுப் பக்கத்திலிருந்து எழுந்த மூடுபனி மரங்களின் இடுப்பு வரை ஏறி, மேலே மலையையும் எதிரே பாதையையும் மெல்லத் தின்றுகொண்டு வந்தது. அவளுடைய சங்கிலியின் சத்தம் தவிர எங்கும் ஒரு சத்தமும் இல்லை.

மதகுக் காவலர் வீட்டில் புகைபோக்கி புகைந்தது. ஜன்னலில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து சொலேன் கை காட்டினாள். அந்தப் பெண் உடனே ஜன்னலின் மரக்கதவை இழுத்து மூடினாள்.

சொலேன் இறங்கிப் போய்த் தட்டினாள். "மேடம், ஒருத்தர் சைக்கிள்ல இந்த வழியா போனாரா?"

உள்ளே காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு மரத்துக்கு மறுபக்கம், மிக அருகில் குரல் வந்தது. "இங்க தாண்டறப்ப அவர்கிட்ட சைக்கிள் இருந்துச்சு."

"அப்படின்னா?"

"இங்க நிக்காத. என் வாசல்ல நிக்காத. உன்னை நான் பார்க்கவே இல்லை."

தாழ்ப்பாள் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

கோபத்தில் சொலேன் வேகமாக மிதித்தாள். அடுத்த வளைவிலேயே அவனுடைய சைக்கிள் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை. யாரோ பத்திரமாக ஒரு மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே அப்பிய சேறு. பூட்டவில்லை. கேத்தான் ரொட்டிக் கடைக்குப் போனால்கூட சைக்கிளைப் பூட்டுவான்.

அதற்கு அப்பால் டயர்த் தடம் இல்லை. காலடிகள்தான் இருந்தன. கேத்தானின் சைக்கிள் ஷூவின் அடியில், பெடலில் மாட்டும் இரும்புக் கட்டையின் அச்சு அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சுற்றிலும் வேறு காலடிகள். ஆணி அடித்த பூட்ஸ், மரக்காலணி, வெறுங்கால். எல்லாம் ஒரே திசையில் போயின. ஒன்றில்கூடக் குதிகால் பதியவில்லை. விரல் பக்கம் மட்டும் மண்ணைக் குடைந்து இறங்கியிருந்தது.

போனை எடுத்து அவனை அழைத்தாள். முன்னால், மூடுபனிக்குள், அவன் போன் அடித்தது.

"கேத்தான்."

அவன் எடுக்கவில்லை. ஆனால் மணிச் சத்தம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. விலகிப் போய்க்கொண்டிருந்தது. நடக்கிற வேகம்கூட இல்லை. ஓர் அடி. ஒரு நிறுத்தம். மறுபடி ஓர் அடி.

திரும்பிவிடலாம் என்று அவள் நினைத்த அந்த நொடியில்தான் பின்னால், காட்டுச் சரிவில், கொம்பு ஊதினார்கள். நீளமாக ஒரு தடவை. பதிலுக்கு இன்னொரு கொம்பு, இன்னும் கீழே. நாய்கள் குரைத்தன. ஆரஞ்சு நிறங்கள் மரங்களுக்கிடையே பரவலாக, ஒரே வரிசையாக இறங்கி வந்தன. மிருகத்தை ஒரு பக்கமாக ஒதுக்குகிறவர்கள் அப்படித்தான் இறங்குவார்கள்.

"இங்க நான் இருக்கேன்," என்று கத்தினாள். "ஆள் இருக்கேன். சுடாதீங்க."

துப்பாக்கி வெடித்தது. அவளுடைய பின்சக்கரத்துக்கு அருகே சரளை தெறித்து முழங்காலில் பட்டது.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். பாதை ஒரு கல் பாலத்துக்கு அடியில் நுழைந்தது. சுவரோடு ஒட்டி நின்று மூச்சு வாங்கினாள். பாலத்தின் கல் முனையில் கை வைத்தபோது பள்ளங்கள் தட்டுப்பட்டன. இந்தக் கால்வாயின் எல்லாப் பாலத்திலும் இருப்பவைதான். குதிரை வாங்க வசதியில்லாத படகுக்காரர்கள் தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளையே தோல் பட்டையில் கட்டிப் படகை இழுக்க வைத்த காலத்தில், ஈரக் கயிறு உரசி உரசி அறுத்த பள்ளங்கள். அதற்காகப் போட்டதுதான் இந்தப் பாதை.

கல் சூடாக இருந்தது.

கையை எடுத்தாள். விரல் நுனியில் கல்தூள், மாவு போல, வெள்ளையாக.

நாய்கள் பாலத்துக்கு மேலே வந்து நின்றன. குரைப்பு சட்டென்று அடங்கியது. யாரும் கீழே இறங்கவில்லை. யாரோ மேலிருந்து துப்பினார்கள்.

பாலத்தின் மறு வாயில்தான் அவளுக்கு மிச்சம் இருந்தது. அங்கே ஒரு முனகல் கேட்டது. மனிதக் குரல் இல்லை. கயிறு. பெரிய கனத்தில் இறுகிய கயிறு.

வெளியே வந்தாள்.

கயிறு கரையோரம் இடுப்பு உயரத்தில் நீண்டு இறுகி நின்றது. ஒரு கோடி அவளைத் தாண்டிக் கால்வாய்க்குள் சரிந்து, பின்னால் மூடுபனியில் மறைந்தது. மறுகோடியில், தோல் பட்டைகளில் கட்டப்பட்டு, ஆட்கள். வரிசையாக. பாதி படுத்தாற்போல முன்னால் சாய்ந்து. தலை தொங்கி. கிழிந்த பாவாடை கட்டிய ஒரு பெண். சட்டையில்லாத ஒருவன். நிறம் போன பந்தயச் சட்டையில் இன்னொருவன். அவன் தலையில் எந்தக் காலத்திலோ விற்ற தோல் ஹெல்மெட்.

ஒருவர் வாயிலிருந்தும் மூச்சுப்புகை வரவில்லை.

கேத்தான் கடைசியில் இருந்தான்.

பட்டை அவன் சட்டையை அறுத்திருந்தது. தோலை அறுத்திருந்தது. காறை எலும்பில் போய் உட்கார்ந்திருந்தது. எலும்பு தெரிந்தது. ரத்தம் இல்லை.

"கேத்தான். வா. போயிடலாம்."

அவன் நின்றான். வரிசை முழுக்க நின்றது. யாரும் திரும்பவில்லை. அவன் மட்டும் திரும்பினான். அவளைப் பார்த்ததில் அவனுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. குனிந்தான். புல்லிலிருந்து ஈரமான ஒரு பட்டையை எடுத்தான்.

ஓட வேண்டும். கால் வரவில்லை. கை வரவில்லை.

அவன் பட்டையை அவள் தலைக்கு மேல் கொண்டுவந்து தோளில் இறக்கினான். பனியில் விறைத்த அவள் கூந்தல் கொக்கியில் சிக்காமல் ஒதுக்கிவிட்டான். அவசரமே இல்லாமல் மாட்டினான். அவன் விரல்கள் சேற்றைப் போலச் சில்லிட்டிருந்தன.

"குறுக்கா போட்டுக்க," என்றான். வீட்டில் பேசுகிற அதே குரல். "நேரா போட்டா கழுத்த அறுக்கும்."

முன்னால் இருந்த பந்தயச் சட்டைக்காரன் தலையைத் தூக்காமலே அரை அடி நகர்ந்து இடம் விட்டான்.

கயிறு இறுகியது.

பின்னால், சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத கால்வாயில், சிப்பிகள் ஒவ்வொன்றாக நொறுங்கத் தொடங்கின. மூடுபனிக்குள் வீடு உயரத்துக்கு ஏதோ ஒன்று சேற்றிலிருந்து பெயர்ந்து, அவள் தோளின் இழுப்புக்கு, ஓர் அடி முன்னால் வந்தது.